டேலி படிக்கும் மகளுக்கு 92,000 ரூபாய் கம்ப்யூட்டர் தேவையா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கைக்கு வரும் சம்பளம் 38,000. மகள் பி.காம் முதலாண்டு படிக்கிறாள். அடுத்த ஆண்டு டேலி, எக்செல் பேப்பர் இருப்பதால் வீட்டில் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறாள். பழைய 19 அங்குல மானிட்டர் வீட்டில் இருக்கிறது. என் மச்சினனுக்கு இதெல்லாம் தெரியும். "வாங்கினா ஐ7 தான் மாமா, பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்று சொல்லி ஒரு கொட்டேஷனும் வாங்கி வந்துவிட்டான். ஐ7-14700எஃப், 32 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் சேர்த்து 92,000. நோ காஸ்ட் இஎம்ஐயில் 24 மாதம், மாதம் 3,833. ஏற்கெனவே வண்டிக்கு 3,200, ஃப்ரிட்ஜுக்கு 1,900 போகிறது. போன வருடம் அவனுக்கு என் கிரெடிட் கார்டில் போன் வாங்கிக் கொடுத்ததில் 46,000 பாக்கி நிற்கிறது; மினிமம் மட்டும் கட்டி வருகிறேன். சேமிப்புக் கணக்கில் 60,000 இருக்கிறது, அதைத் தொட மனம் வரவில்லை. புதிது வேண்டாம் என்றால் பழைய ஐ7 ஒன்று 14,000க்குக் கிடைக்கும் என்கிறார்கள். எதை வாங்குவது? யோசித்து யோசித்துத் தூக்கமே போய்விட்டது.

பதில்: நீங்களே கணக்கு எழுதுபவர். அசல், வட்டி, வரவு செலவு பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வண்டிக்கு 3,200, ஃப்ரிட்ஜுக்கு 1,900 என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி என்ன விலை, ஃப்ரிட்ஜுக்கு இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று ஒரு வார்த்தை இல்லை. கடைச் சரக்கை இப்படி ஒருநாளும் வாங்க மாட்டீர்கள். வீட்டுக்கு என்று வரும்போது மட்டும் எந்தப் பொருளையும் மாதத் தவணையாகவே பார்த்துப் பழகிவிட்டீர்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்தப் பழக்கம்தான்.

கம்ப்யூட்டருக்கு மூளை போன்ற ப்ராசஸரை வாங்கும்போது இந்தப் பழக்கம் ஆளை எப்படி இழுத்துக்கொண்டு போகும் என்று பாருங்கள். விலைகள் எல்லாம் தோராயம்தான், கடைக்குக் கடை மாறும். இன்டெல் கம்பெனியின் ஐ3-12100 ப்ராசஸர் சுமார் 11,500. அதற்கு மேலே ஐ5-12400 சுமார் 15,000. வித்தியாசம் 3,500, 24 தவணையாக்கினால் மாதம் 146. "146 ரூபாய்தானே" என்று ஐ5க்குப் போவீர்கள். அங்கிருந்து ஐ7-14700எஃப் போக இன்னும் 18,000, அதாவது மாதம் 750. ரேமை 16 ஜிபியிலிருந்து 32 ஆக்க 8,000, மாதம் 333. கிராபிக்ஸ் கார்டு 20,000, மாதம் 833. இவ்வளவையும் தாங்குகிற மதர்போர்டும் (பாகங்களை மாட்டும் பலகை) எஸ்எம்பிஎஸ்ஸும் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வேண்டுமே, அதற்கு இன்னொரு 6,500, மாதம் 271. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிதாகத் தெரியாது. கூட்டிப் பார்த்தால் 56,000 ரூபாய், உங்கள் ஒன்றரை மாதச் சம்பளம்! 36,000க்கு முடிய வேண்டிய கம்ப்யூட்டர் இப்படித்தான் 92,000 ஆகியிருக்கிறது.

கொட்டேஷனில் ப்ராசஸர் பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். 14700எஃப். இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் வசதி கிடையாது. தனியாக கிராபிக்ஸ் கார்டு போடாமல் மானிட்டரில் படமே வராது. உங்கள் மகள் கேம் ஆடுவதாக நீங்கள் எழுதவில்லை, வீடியோ எடிட் செய்வதாகவும் எழுதவில்லை. அந்த ஒரு எழுத்துக்காக 20,000 ரூபாய் கார்டு தலையில் விழுகிறது. எஃப் இல்லாத ஐ3-12100இல் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு, யூடியூப் எல்லாவற்றுக்கும் அது தாராளம்.

அடுத்தது இந்த "ஐ7" என்ற பெயர். 14,000க்குக் கிடைக்கும் பழைய ஐ7 எந்தத் தலைமுறை என்று கேட்டீர்களா? அந்த விலைக்குப் பெரும்பாலும் ஐ7-3770 மாதிரிப் பழசுதான் வரும். அது 2012இல் வந்தது, 4 கோர் (வேலை செய்யும் உட்பகுதி), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை). 2022இல் வந்த ஐ3-12100க்கும் அதே 4 கோர், 8 த்ரெட். நடுவில் பத்து வருடத் தொழில்நுட்ப வித்தியாசம் இருக்கிறதே, வேகத்தில் அந்தப் பழைய ஐ7 இந்த ஐ3க்குப் பக்கத்தில்கூட வராது. அது மட்டுமல்ல, விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஏற்பது பெரும்பாலும் இன்டெல் 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும்தான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. அதனால் 14,000 ரூபாய்ப் பெட்டியை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே தலைமுறைக்குள் யார் பெரியவர் என்று சொல்லும் பெயர். ஐ என்ற எழுத்துக்குப் பிறகு வரும் எண்ணைவிட, கோட்டுக்கு அடுத்து வரும் முதல் இரண்டு எண்களைப் பாருங்கள். 12100இல் 12 என்பது தலைமுறை. 3770 போல நான்கே இலக்கம் இருந்தால் முதல் எண்ணே தலைமுறை.

பத்து வருடக் கவலை தீரும் என்று உங்கள் மைத்துனர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பத்து வருடத்துக்கான பணத்தை இன்றைக்கே கொட்ட வேண்டியதில்லை. ஐ3-12100 உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறை ப்ராசஸர்களும் உட்காரும். நான்கு வருடம் கழித்து மகள் வேறு படிப்புக்குப் போய் அதிக வேகம் தேவைப்பட்டால், அன்றைக்கு விலை இறங்கியிருக்கும் ஐ5 ஒன்றை வாங்கி, போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து, அதே போர்டில் மாட்டிக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 13, 14ஆம் தலைமுறை உயர்ரக ப்ராசஸர்களில் மின்னழுத்தக் கோளாறால் கம்ப்யூட்டர் நிலைகுலைந்து நிற்பது 2024இல் பெரிய பிரச்சினையாகி, இன்டெல்லே அவற்றுக்கு வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது. பயாஸ் புதுப்பிப்பும் கொடுத்தார்கள். டேலி போடுவதற்கு அந்தக் கவலையை விலை கொடுத்து வாங்குவானேன்?

"ஏஐ பிசி" என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் காட்டியும் கடையில் இழுப்பார்கள். மகள் சாட்ஜிபிடியில் கேள்வி கேட்டால் பதில் தயாராவது எங்கோ இருக்கும் சர்வரில்; உங்கள் மேசையில் இருக்கும் ப்ராசஸருக்கு அதில் வேலையே இல்லை. அந்த ஸ்டிக்கருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

என் கணக்கு இது: ஐ3-12100க்கு 11,500, எச்610 மதர்போர்டு 6,500, 16 ஜிபி ரேம் 8,000, 500 ஜிபி எஸ்எஸ்டி 4,500, கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் 4,500, கீபோர்டு, மவுஸ் 1,000. மொத்தம் 36,000. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, அதில் மட்டும் கொஞ்சம் முன்பின் ஆகலாம். உங்கள் மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம், பல எச்610 போர்டுகளில் அந்த இணைப்பு இன்னும் வருகிறது. போர்டின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். இன்டெல்லுக்குப் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியில் இதே விலைக்கு ரைசன் 5 5600ஜி கிடைத்தால் அதுவும் நல்ல தேர்வுதான். 6 கோர், கிராபிக்ஸும் உள்ளேயே உண்டு. அதற்கு ஏஎம்4 போர்டு வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆனால் இந்த 36,000ஐயும் இன்றைக்கே செலவழிக்கச் சொல்ல மாட்டேன். முதலில் கிரெடிட் கார்டைப் பார்ப்போம்.

46,000 பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 1,610. வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 290. ஆக 1,900. நீங்கள் கட்டும் மினிமம் 5 சதவீதம் என்று வைத்தால் 2,300. அதில் 1,900ஐ வட்டி தின்றுவிடுகிறது, அசலில் குறைவது 400 ரூபாய்தான். இப்படிக் கட்டினால் அந்த போன் குப்பைக்குப் போன பிறகும் பாக்கி நிற்கும். தொட மனமில்லாத 60,000க்கு வங்கி வருடம் 3 சதவீதம் கொடுத்தால் 1,800. அதாவது சேமிப்பு ஒரு வருடம் முழுக்கச் சம்பாதிப்பதைவிட அதிகமாக, கார்டு ஒரே மாதத்தில் எடுத்துக்கொள்கிறது. பாக்கி நிற்கும் கார்டில் புதிதாக எதை வாங்கினாலும் வட்டியில்லா நாட்களும் கிடையாது.

நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டி இல்லையே என்பீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டியைத் தள்ளுபடி போலக் காட்டிக் கழிக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் 92,000இல் 15 சதவீத வட்டி என்று போட்டால் சுமார் 12,900 வட்டி ஒளிந்திருக்கிறது. அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 2,300, உங்கள் கையிலிருந்து போகும். ப்ராசஸிங் கட்டணம் தனி. ரொக்கமாக வாங்கினால் கடைக்காரர் குறைப்பதும் கிடைக்காமல் போகும். இந்தத் தவணையும் சேர்ந்தால் மாதம் 11,233, சம்பளத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் திரும்பவும் கார்டைத்தான் எடுப்பீர்கள்.

அதனால், சேமிப்பிலிருந்து எடுத்துக் கார்டு பாக்கியை இந்த மாதமே முழுசாகக் கட்டுங்கள். 14,000 மிஞ்சும், அதை அவசரத்துக்கு வையுங்கள். இனி மினிமம் 2,300 கட்ட வேண்டாம். கம்ப்யூட்டருக்கு மாதம் 3,833 கட்டத் தயாராகத்தானே இருந்தீர்கள்? இரண்டையும் சேர்த்து 6,133ஐ மாதாமாதம் தனியாக வையுங்கள். ஆறு மாதத்தில் 36,800 ஆகிவிடும். டேலி பேப்பர் அடுத்த ஆண்டுதான், அதுவரை கல்லூரி லேப் போதும். பழகுவதற்கென்று டேலியில் லைசென்ஸ் இல்லாமலே எஜுகேஷனல் மோட் உண்டு, வீட்டிலும் அதை வைத்தே பழகலாம்.

மைத்துனர் விஷயத்தை அவரிடம் பேசுவதற்கு முன்பு உங்கள் மனைவியிடம் பேசுங்கள். மேலே போட்ட 1,900 ரூபாய்க் கார்டு வட்டிக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்; தம்பியைக் குறை சொல்கிறீர்கள் என்று அவருக்குத் தோன்றக் கூடாது. அப்புறம் மைத்துனரிடம், போன் பணத்தை மாதம் 4,000 வீதம் சம்பளத் தேதிக்கு மறுநாள் உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவர் அனுப்பினால் ஆறு மாதம் நான்கு மாதமாகக் குறையும். அனுப்பாவிட்டாலும் நான் சொன்ன திட்டம் அதை நம்பி நிற்கவில்லை. கம்ப்யூட்டர் வாங்கும் அன்றைக்கு அவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அசெம்பிள் செய்யத் தெரிந்தவர் கூட இருப்பது பெரிய உதவி. கார்டை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கடையில் ப்ராசஸரைப் பெட்டியோடு கேட்டு வாங்குங்கள். பெட்டியில் வரும் ஐ3-12100க்கு 3 ஆண்டு வாரண்டியும் கூலரும் உண்டு. ட்ரே என்று பெட்டியில்லாமல் வருவது சில நூறு ரூபாய் குறையும், ஆனால் வாரண்டி கடைக்காரர் சொல்வதுதான். பெட்டியில் உள்ள சீரியல் எண் ஜிஎஸ்டி பில்லில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் லைசென்ஸ் உங்கள் கொட்டேஷனிலும் இல்லை, என் 36,000லும் இல்லை. "ஓஎஸ் போட்டுத் தருகிறோம்" என்றால் அது பில்லில் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். கார்டு பாக்கி கட்டி முடித்த அன்றே வங்கிக்கு போன் செய்து லிமிட்டை 20,000 ஆகக் குறைக்கச் சொல்லுங்கள்.