மூட்டைச் சிப்பி வாங்கி வாய்க்காலில் விடலாமா?

தஞ்சாவூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கால் வைத்த இடமெல்லாம் சிப்பி கிடந்த எங்கள் வாய்க்காலில், இரண்டு முறை தூர்வாரிய பிறகு ஒன்றுகூட இல்லை. முத்து வளர்ப்புக்குச் சிப்பி விற்பவர் ஒருவர் மூட்டைக் கணக்கில் தருகிறேன் என்கிறார். ஊர்க்காசு போட்டு வாங்கி விடலாமா?"

வேண்டாம்.

பண்ணையில் பொரித்து வளர்த்தது என்று அவர் சொல்வார். எந்த மீனில் ஏற்றி வளர்த்தீர்கள் என்று கேளுங்கள், பதில் வராது. ஆற்றுச் சிப்பியின் குஞ்சு மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு உருமாறிய பிறகே மண்ணில் இறங்கும். மீன் கிடைக்காவிட்டால் சில நாளில் செத்துவிடும். எல்லா மீனும் ஒத்துவராது. அமெரிக்காவில், வர்ஜீனியாவின் கிளின்ச் ஆற்றங்கரையில் 1998-ல் ரசாயன லாரி கவிழ்ந்து ஆயிரக்கணக்கான சிப்பிகள் செத்தன, அழிவின் விளிம்பில் இருந்த இனங்கள் உட்பட. அந்த இழப்பை ஈடுகட்ட அங்கே ஆய்வகத்தில் குஞ்சுகளை மீனில் ஏற்றி, தொட்டியில் வளர்த்து, ஓரளவு பெரிதான பிறகே ஆற்றில் விடுகிறார்கள். வருடக்கணக்கான வேலை அது. மூட்டையில் வருவது பெரும்பாலும் இன்னொரு ஊர்க் குளத்தை வழித்தெடுத்தது. பாதிச் சிப்பி வாய் பிளந்து, தட்டினாலும் மூடாமல் செத்துக் கிடக்கும். முத்து விளைந்தால் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று பயிற்சிக் கட்டணம் வாங்கிவிட்டு, அறுவடையின்போது போனை எடுக்காத ஆட்களும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள். ஏமாந்த விவசாயிகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் சிப்பி எங்கே போனது? கரையில் குவித்த மண்ணைக் கிளறிப் பாருங்கள், ஓடுகள் கிடைக்கும். தண்ணீர் வற்றினால் சிப்பி சேற்றில் புதைந்து, ஓட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும். நாமோ ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால், அது புதைந்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் ஜேசிபியை இறக்குகிறோம். எத்தனை கன மீட்டர் மண் என்று கணக்கு எழுதுகிறார்கள். அதற்குள் என்ன உயிர் இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லை. எத்தனை வருடமாகச் சொல்வது!

அடுத்த முறை, மதகடி மடுவையாவது தொடாமல் விடச் சொல்லி இப்போதே மனு கொடுங்கள். வெட்டிய மண்ணில் தெரியும் சிப்பியைப் பொறுக்கி, ஈரச் சாக்கில் எடுத்துப்போய் அன்றைக்கே தண்ணீரில் விடுங்கள். அப்புறம் புதுத் தண்ணீரோடு ஏறிவரும் மீன்கள் குஞ்சுகளைக் கொண்டுவரும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. மேல்வாய்க்காலில் இல்லை, கீழ்வாய்க்காலில் இல்லை, அவற்றோடு சேரும் ஏரி குளத்திலும் இல்லை, இரண்டு மூன்று வருடம் காத்தும் வரவில்லை என்றால், அதே ஆற்றின் வேறு கிளையிலிருந்து கொஞ்சம் கொண்டுவரலாம். அதையும் மீன்வளக் கல்லூரியில் இனத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு. எங்கள் வாய்க்காலும் அப்படித்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், நடந்து பார்க்காமலே. வாய்க்காலோடு நடங்கள். ஒவ்வொரு மதகுக்குக் கீழும் சேற்றில் கைவிட்டுத் துழாவுங்கள். விரல் நகம் அளவில் ஒரு சிப்பி தட்டுப்பட்டாலும் அங்கே குஞ்சு இறங்குகிறது என்று அர்த்தம். ஒரு மூட்டைகூட வாங்க வேண்டியதில்லை.