சண்டைக்காரனின் பென்சில் குறிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாலி தார்ன் எழுதிய ‘தி ஹேட்டிங் கேம்’ நாவலை இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன். ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் லூசியும் ஜோஷுவாவும் முறைத்துக்கொண்டிருந்தவரை புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை; அவர்கள் சேர்ந்த பிறகு மனம் ஒட்டவில்லை. “இது நம் ஊடல்தானே, புதிதாக என்ன இருக்கிறது?” என்கிறார் என் கணவர். வெறுப்பில் தொடங்கி மெல்ல மெல்லக் காதலாகக் கனியும் இக்கதைகள் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கின்றன?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் சிறு திருத்தம் தேவை. ஊடல் என்பது ஏற்கெனவே கூடியவர்களுக்கிடையே வருவது. அங்கே அன்பைப் பற்றி ஐயமே இல்லை. இக்கதைகளுக்குக் குறளில் உறவு தேடினால், ஊடலுவகை அதிகாரத்தைத் தாண்டிக் குறிப்பறிதல் அதிகாரத்துக்குத்தான் போக வேண்டும். ‘செறாஅச் சிறுசொல்லும் செற்றார்போல் நோக்கும் உறாஅர்போன்று உற்றார் குறிப்பு’ என்கிறது 1097ஆம் குறள். உள்ளே பகையில்லாத கடுஞ்சொல்லும், பகைவரைப் போன்ற பார்வையும், அயலார்போல் நடந்துகொள்ளும் அன்பரின் அடையாளங்களாம். அந்தப் ‘போல்’ என்னும் ஒரு சொல்லை அவிழ்க்கத்தான் நாவலுக்கு அத்தனை பக்கங்கள் தேவைப்படுகின்றன.

பிடிக்காதவரைத்தான் நாம் மிகவும் கூர்ந்து கவனிக்கிறோம். 2016இல் வந்த அந்த நாவலில், எதிர்மேசையில் அமர்ந்திருக்கும் ஜோஷுவா தன் நாட்குறிப்பில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டே இருக்கிறான். தன்மேல் புகார் கொடுப்பதற்காகத்தான் எழுதுகிறான் என்று லூசி நினைக்கிறாள். அவள் அன்றன்று என்ன உடை அணிந்து வந்தாள் என்பதுவரை அவன் குறித்துவைத்திருப்பது பின்னால்தான் தெரிகிறது. கதையைச் சொல்பவள் அவளே என்பதால் நமக்கும் அவள் கண்கள்தாம் இருக்கின்றன. ஆனாலும் அவள் பார்ப்பதை அவளுக்கு முன்பே நாம் சரியாகப் படித்துவிடுகிறோம், இன்னும் இவளுக்கு விளங்கவில்லையே என்று தவித்தபடியே பக்கங்களைப் புரட்டுகிறோம்.

இக்கதைகள் இப்படி மெதுவாக நகர்வதற்குக் காரணம் ஒன்று உண்டு. காதல் கொள்வதற்கு ஒரு நொடி போதும். ஒருவரைத் தவறாக எடைபோட்டுவிட்டோம் என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ள நெடுநாள் ஆகும். 1813இல் வெளியான, ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலின் 61 அத்தியாயங்களில், நாயகன் டார்சி நாயகி எலிசபெத்திடம் முதன்முறை மணம் கேட்டு மறுக்கப்படுவது 34ஆவதில். அடுத்து வரும் அவன் கடிதத்தை எலிசபெத் திரும்பத் திரும்பப் படித்து, தன் தீர்ப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்கிறாள். எஞ்சிய கதை முழுவதும் அந்தத் திருத்தத்தின் மேல்தான் நிற்கிறது. இத்தகைய திருத்தம் ஏதுமின்றி, தொலைபேசி அழைப்பு தவறியதாலும் கதவு தட்டப்பட்டதாலும் மட்டுமே முத்தம் தள்ளிப்போகும் நாவல்கள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லூசியும் ஜோஷுவாவும் ஒரே நிலை உதவியாளர்கள். ஒருவரை மற்றவர் வேலையைவிட்டு நீக்க முடியாது. நாயகியைக் கடத்திச் சென்று கட்டாயத் தாலி கட்டும் நாயகனின் கதையையும் இவ்வகையில் சேர்ப்பவர்கள் உண்டு, நான் சேர்க்கமாட்டேன். திருப்பி அடிக்க முடியாதவளைப் பகையாளி என்று எப்படி அழைப்பது?

சேர்ந்த பிறகு உங்கள் மனம் ஒட்டாததில் வியப்பில்லை. அதுவரை ஒவ்வொரு சொல்லும் ஒரு குறிப்பாக இருந்தது. பிறகு சொல் வெறும் சொல்லாகிவிடுகிறது. எனக்கு அந்த நாவலின் உச்சம், காய்ச்சலில் வாந்தியெடுக்கும் லூசியின் அருகே ஜோஷுவா இரவெல்லாம் விழித்திருக்கும் பகுதி. அப்போதும் அவர்கள் இருவரும் பெயரளவில் பகைவர்கள்தாம்.