ஆட்டையும் மயிலையும் துரத்தும் சிப்பிப்பாறை நாய்: என்ன செய்யலாம்?

கோவில்பட்டி பக்கம் மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் தரகர் ஒருவரிடம் ஒன்பது மாத ஆண் சிப்பிப்பாறை நாயை வாங்கினேன். பன்றியைத் தவிர எல்லாவற்றையும் துரத்துகிறது. முயல், மயில், பக்கத்துத் தோட்டத்து வெள்ளாடு எதையும் விடுவதில்லை. போன வாரம் ஓர் ஆட்டின் தொடையைக் கவ்விவிட்டது. கழுத்தில் கரண்ட் பட்டை மாட்டினால் பதினைந்தே நாளில் சரியாகிவிடும் என்கிறார் ஒரு பயிற்சியாளர். மாட்டலாமா? பன்றியை மட்டும் துரத்தப் பழக்க முடியுமா?"

மாட்டாதீர்கள். பன்றியை மட்டும் துரத்தப் பழக்கும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஆட்டையும் மயிலையும் பார்த்தும் பார்க்காததுபோல் போகப் பழக்கலாம். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும், அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் வேட்டையாடும் இனங்கள். மோப்பத்தைப் பிடித்துத் தேடிப்போகும் நாய்க்கு ஒரு வாசனையை எடு, இன்னொன்றை விடு என்று கற்பிக்க நேரம் கிடைக்கும். இங்கிலாந்தில் நரி வேட்டைக் கூட்டங்களில் இளம் நாய்களை மான் பக்கமும் ஆட்டின் பக்கமும் திரும்பாமல் பழக்கியது அப்படித்தான். உங்கள் நாய்க்கு அந்த அவகாசமே இல்லை. எது ஓடுகிறதோ அதன் பின்னால் கால்கள் போய்விடும். ஓடத் தொடங்கிய பிறகு உங்கள் கூப்பாடு அதன் காதில் ஏறாது. அதைத் திமிர் என்று நினைத்து, திரும்பி வந்ததும் அடிக்கிறவர்கள் ஏராளம். அந்த அடியிலிருந்து நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: திரும்பி வந்தால் அடி விழும்.

துரத்துவதில் இன்னொரு சிக்கல் உண்டு. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஓட்டமே அதற்குப் பரிசு. ஒவ்வொரு முறை துரத்தும்போதும் பழக்கம் ஒரு படி இறுகுகிறது. ஆகவே முதல் மாதத்தில் உங்கள் வேலை கற்பிப்பது அல்ல, துரத்தவே வாய்ப்பில்லாமல் செய்வது. அதற்குப் பத்து மீட்டர் கயிறு வேண்டும். கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள். இந்த நாய் சில எட்டுகளிலேயே முழு வேகம் எடுத்துவிடும். கயிறு தீரும் இடத்தில் கழுத்தில் விழும் வெடுக்கென்ற இழுப்பு தண்டுவடம்வரை போகும். நெஞ்சைச் சுற்றி வரும் மார்புப் பட்டையில் கட்டுங்கள். தலை ஒடுங்கிய இனம் என்பதால் தளர்ந்த பட்டையிலிருந்து பின்வாங்கியே கழன்றுவிடும், அளவு பார்த்து வாங்குங்கள். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேசி, ஆடுகள் அமைதியாக மேயும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில், நாய்க்குச் சாப்பாடு போடும் முன் போங்கள். நூறு மீட்டருக்கு அப்பாலேயே நில்லுங்கள். இப்போது ஆட்டைப் பார்க்காதீர்கள், நாயைப் பாருங்கள். ஆடு கண்ணில் பட்டதும் காதுகள் விறைக்கும். திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும். வால் அசைவு நிற்கும். சில நாய்கள் ஒரு முன்காலை மடக்கித் தூக்கியபடி நிற்கும். வேலை செய்ய உங்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு கணம்தான். 'இங்கே' என்று ஒரே சொல்லை, கோபமில்லாமல் ஒரே முறை சொல்லுங்கள். தலையை உங்கள் பக்கம் திருப்பிய உடனே வேகவைத்த கோழி ஈரல் துண்டு வாய்க்குப் போக வேண்டும். பையில் தேடிக்கொண்டிருந்தால் கணக்குத் தப்பிவிடும், துண்டுகள் கையிலேயே இருக்கட்டும். தலை திரும்பவில்லை என்றால் நாயின் மீது தவறில்லை. நீங்கள் நெருங்கி நிற்கிறீர்கள். பின்னால் போங்கள்.

பத்து நிமிடம் போதும், வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஆட்டைப் பார்த்ததும் கூப்பிடாமலேயே உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கினால் கொஞ்சம் நெருங்கலாம். நிற்கும் ஆடு முதலில், நடக்கும் ஆடு அடுத்து. துள்ளும் குட்டிகளைக் கடைசிக்கு வையுங்கள். பலரும் வழுக்குவது இங்கேதான். மேயும் ஆட்டை மதிக்கும் நாய் எல்லா ஆட்டையும் மதிக்கும் என்று நம்பிக் கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள். ஒரு குட்டி கத்திக்கொண்டு ஓடியதும் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

மயிலுக்கும் முயலுக்கும் முறை இதேதான். மயில் பறந்துவிடுகிறதே, என்ன கெட்டுவிட்டது என்று கேட்காதீர்கள். அது தரையில் முட்டையிட்டு அடைகாக்கும் பறவை.

ஓட்ட ஆசையை அடக்கி மட்டும் வைத்தால் அது வேறு வழியில் வெடிக்கும். நீண்ட கம்பின் நுனியில் கயிறு கட்டி, அதில் துணியை முடிந்து, வேலி போட்ட இடத்தில் இழுத்துத் துரத்த விடுங்கள். நீங்கள் சொன்னால் தொடங்க வேண்டும், சொன்னால் நிற்க வேண்டும். இந்த வயதில் எலும்பு இன்னும் முற்றவில்லை, பைக்கின் பின்னால் கட்டி ஓட்டுவது வேண்டாம். உடம்பு ஒல்லியாக இருக்க வேண்டும் என்று கூழை மட்டும் ஊற்றி வளர்ப்பதும் வேண்டாம்.

இனி அந்தக் கரண்ட் பட்டை. இதை விற்பவர்கள்மீது எனக்கு ஆத்திரம் உண்டு, மறைக்க மாட்டேன். அதிர்ச்சி விழும் கணத்தில் நாய் எதைப் பார்க்கிறதோ அதோடுதான் வலியை முடிச்சுப் போடும். அது ஆடாகவும் இருக்கலாம், ஆடு மேய்க்கும் சிறுவனாகவும் இருக்கலாம். அதுவரை யாரையும் முறைத்திராத நாய் மனிதரைக் கண்டு உறுமத் தொடங்குவது இப்படித்தான். மெல்லிய தோலும் குட்டை முடியும் உள்ள இனம் வேறு, கழுத்தில் புண்ணாகிவிடும். கழுத்தில் கட்டையைத் தொங்கவிடும் ஊர்ப் பழக்கமும் ஆகாது. ஓடும்போது அது முன்கால் எலும்பில் அடிக்கும். செத்த கோழியைக் கழுத்தில் கட்டித் திருத்தப் பார்த்தால் புழுதான் வைக்கும்.

நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட எந்தத் தகுதியும் தேவையில்லை. நாயைச் சித்திரவதை செய்தால் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட ஆகாத அந்தத் தொகையைத் திருத்த இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. நாய் இனப்பெருக்கம் செய்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017இல் விதி வந்தது. உங்கள் தரகரிடம் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். வேட்டை பழகிய நாய் என்று சொல்லி முயல் துரத்தும் வீடியோவைக் காட்டியிருப்பார். அந்த வீடியோ குற்றத்துக்கான சாட்சி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதில் கொல்வதை மட்டும் சேர்க்கவில்லை; நாயை ஏவித் துரத்துவதும், விரட்டுவதும், அதற்கு முயல்வதும் அதில் அடங்கும். மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது, தண்டனை மூன்று ஆண்டுச் சிறையில் தொடங்குகிறது. வழக்கு வந்தால் தரகர் அங்கே நிற்க மாட்டார்.

மேலே சொன்ன முறை ஒரு வகை நாய்க்குப் பலிக்காது. ஏற்கெனவே கொன்று பழகிய நாய் அது. உங்கள் நாய் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டதா என்று நிதானமாக யோசியுங்கள். கவ்வியதும் ஆடு கத்த, தானே விட்டுவிட்டு ஒதுங்கியிருந்தால் இன்னும் தாண்டவில்லை. கவ்வி, உதறி, கீழே தள்ளி, நீங்கள் பிடித்து இழுக்கும்வரை விடாமல் இருந்தால் ஆபத்தான இடத்தில் இருக்கிறது. இரண்டு, மூன்று முறை ஆட்டைச் சாய்த்திருந்தால் பயிற்சியால் ஆர்வத்தைக் குறைக்கலாமே தவிர, அவிழ்த்துவிடும் அளவுக்கு நம்ப முடியாது. அப்படிப்பட்ட நாய்க்கு வெளியே எப்போதும் கயிறு, வீட்டில் ஆள் உயர வேலி, ஆயுள் முழுக்க. வாய்க்கூடு போட்டால் போதாதா என்பீர்கள். கடிக்காதுதான், ஆனால் துரத்துமே! சினை ஆட்டை விரட்டினால் ஒரு பல்கூடப் படாமலேயே குட்டி கலைந்துவிடும். அந்த நாயைக் குணம் மறைத்து இன்னொருவருக்கு விற்பது, இப்போது உங்களுக்கு நடந்ததையே அவருக்கு நடத்துவது.

பன்றிக்கு வருகிறேன். உங்கள் சோளம் போவது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு கொம்பன் பன்றியின் கோரைப்பல் இந்த நாயின் வயிற்றை ஒரே உரசலில் கிழித்துவிடும், சட்டமும் குறுக்கே நிற்கிறது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிருக்குள் வரும் பன்றியை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழக அரசு 2025இல் முடிவெடுத்தது. உங்கள் ஊர் அந்தத் தொலைவில் இருந்தால் ஊராட்சியோடு சேர்ந்து எழுதிக் கொடுங்கள். பயிர் அழிந்த பிறகு வந்து அளவெடுத்துவிட்டுப் போகும் நிர்வாகத்திடம் இதை எழுத்தில் கேட்காமல் எதுவும் நகராது. நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளைக் காலையே செய்ய வேண்டியது வேறொன்று. கடிபட்ட ஆட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். வெளியே சிறு துளையாகத் தெரியும் பல் காயம் உள்ளே சீழ் பிடிக்கும். உங்கள் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். தரகர் அட்டை எதுவும் தரவில்லை என்றால், போடவில்லை என்றே வைத்துக்கொண்டு அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆட்டுக்கும் ஊசி தேவையா என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.