ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தலாமா? அட்ரீனல் சுரப்பிகள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: என் சகோதரருக்கு ஒரு சிறுநீரகத்தைத் தானமாகக் கொடுக்க இருக்கிறேன். அதன்மேல் உள்ள அட்ரீனல் சுரப்பியையும் சேர்த்து எடுத்துவிடுவார்களா?

பொதுவாக எடுப்பதில்லை. அட்ரீனல் சுரப்பி சிறுநீரகத்தின் மேல்முனையில் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருந்தாலும், இரண்டும் தனித்தனி உறுப்புகள். ஒவ்வொன்றும் சுமார் 4 முதல் 5 கிராம் எடைதான் இருக்கும். அதன் வெளிப்பகுதியான புறணி மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலடுக்கு உடலின் உப்புச் சமநிலையைக் காக்கும் அல்டோஸ்டீரோனையும், நடு அடுக்கு நோய் போன்ற நெருக்கடிகளை உடல் தாங்க உதவும் கார்டிசாலையும், உள்ளடுக்கு வீரியம் குறைந்த ஆண்பால் ஹார்மோன்களையும் சுரக்கின்றன. மையப்பகுதியான அகணி அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் சுரக்கிறது. ஏதேனும் காரணத்தால் ஒரு சுரப்பியை இழக்க நேர்ந்தாலும், நலமாக உள்ள மற்றொன்று உடலின் தேவையை ஈடுகட்டிவிடும்.

கேள்வி: மூட்டுவாதத்துக்காக எட்டு மாதங்களாகப் பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறேன். முகம் உப்பிவிட்டது, எடையும் கூடிவிட்டது. நாளை முதல் நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். சரியா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த வாரம் வந்த கேள்விகளில் எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான்.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ஏசிடிஹெச் என்னும் ஹார்மோனை அனுப்பித்தான் அட்ரீனலைக் கார்டிசால் சுரக்க வைக்கிறது. கார்டிசாலைப் போலவே செயல்படும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு வெளியிலிருந்து தொடர்ந்து வரும்போது, இரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு இருப்பதாகக் கொண்டு பிட்யூட்டரி ஏசிடிஹெச் அனுப்புவதைக் குறைத்துவிடுகிறது. தூண்டுதல் இல்லாத அட்ரீனலின் கார்டிசால் அடுக்கும் நாளடைவில் சுருங்கிவிடுகிறது. மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் மாத்திரை எடுத்த எவருக்கும் இது நேரலாம். அந்த நிலையில் மருந்தை ஒரேயடியாக நிறுத்தினால் உடலில் கார்டிசாலே இல்லாமல் போய், கடும் சோர்வு, வாந்தி, வயிற்றுவலி, இரத்த அழுத்த வீழ்ச்சி என வளர்ந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

முகம் உப்பியது அதிகப்படியான ஸ்டீராய்டின் விளைவு என்பது உண்மை. அதற்குத் தீர்வு மருத்துவரின் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைப்பது. 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனுக்கு (மருந்து வடிவிலான கார்டிசால்) இணையான 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன், உடல் தானாக ஒரு நாளில் சுரக்கும் கார்டிசாலின் அளவை ஒட்டியது. ஆகவே அந்த அளவை எட்டிய பிறகு இன்னும் மெதுவாகக் குறைத்து, காலை 8 மணி அளவில் எடுக்கும் கார்டிசால் பரிசோதனையைப் பார்த்து, சுரப்பி விழித்துக்கொண்டதா என்று உறுதிசெய்த பிறகே நிறுத்த வேண்டும். இதற்குச் சிலருக்குப் பல மாதங்கள்கூட ஆகும். பெயர்ச்சீட்டு இல்லாமல் விற்கப்படும் மூட்டுவலிப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு என்பதால், அத்தகைய ஒன்றை நெடுநாள் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு முன்பு காசநோய் வந்து குணமானது. இப்போது மெலிந்துகொண்டே போகிறார். உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் கறுத்துவிட்டன. ஊறுகாயும் உப்பும் நிறையக் கேட்கிறார். வயதுதான் காரணமா?

வயதின் மீது பழிபோட்டு நாள் கடத்த வேண்டாம். நீங்கள் எழுதியுள்ள அடையாளங்கள் அடிசன் நோயை வலுவாகச் சுட்டுகின்றன. லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் அடிசன் 1855-இல் விவரித்த இந்நோயில், அட்ரீனலின் புறணியே அழிந்துவிடுகிறது. மேலைநாடுகளில் உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குவது முதன்மைக் காரணமாக இருக்க, நம் நாட்டில் காசநோயும் இன்றுவரை முக்கியக் காரணமாக நீடிக்கிறது.

கார்டிசால் குறைவதை உணர்ந்த பிட்யூட்டரி ஏசிடிஹெச்சை மிகுதியாகச் சுரக்க, அது நிறமிச் செல்களையும் தூண்டிவிடுவதால் தோல் கறுக்கிறது. அல்டோஸ்டீரோனும் இல்லாததால் சிறுநீரில் சோடியம் வீணாகிறது. உப்பின்மீது வரும் ஆசை அதனால்தான். சோடியம், பொட்டாசியம், காலைநேரக் கார்டிசால், ஏசிடிஹெச் ஆகியவற்றை உடனே பரிசோதியுங்கள். நோய் உறுதியானால் ஹைட்ரோகார்டிசோனும், அல்டோஸ்டீரோனுக்கு ஈடான ஃப்ளூட்ரோகார்டிசோனும் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். அவற்றை ஒழுங்காக எடுத்துக்கொள்பவர்கள் தங்கள் அன்றாட வேலைகளை நன்றாகவே செய்கிறார்கள்.

வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோனை மருத்துவர் சொல்லித்தந்தபடி இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் சென்று, 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் சலைனும் ஏற்றிக்கொள்ள வேண்டும். காசநோய் திரும்பி ரிஃபாம்பிசின் தொடங்கப்பட்டால், அது கார்டிசாலை விரைவாகச் சிதைக்கும் என்பதால், ஸ்டீராய்டின் அளவையும் உயர்த்த வேண்டியிருக்கும்.

கேள்வி: எனக்கு வயது 34. மூன்று மாத்திரை எடுத்தும் இரத்த அழுத்தம் குறையவில்லை. பொட்டாசியமும் குறைவு என்கிறார்கள்.

அல்டோஸ்டீரோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் கான் நோயாக இருக்கலாம். அல்டோஸ்டீரோனுக்கும், அதைச் சுரக்கத் தூண்டும் சிறுநீரகப் பொருளான ரெனினுக்கும் உள்ள விகிதத்தைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சில மாத்திரைகள் முடிவை மாற்றிவிடக்கூடும் என்பதால், எவற்றைத் தற்காலிகமாக மாற்றுவது என்பதை மருத்துவரே முடிவுசெய்யட்டும். ஒரு பக்கக் கட்டி என்றால் அறுவைசிகிச்சை, இரு பக்கமும் என்றால் அல்டோஸ்டீரோனின் செயலைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்து.

கேள்வி: வயிற்றுவலிக்கு எடுத்த சி.டி. ஸ்கேனில் அட்ரீனலில் 2 சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. புற்றுநோயா?

இப்படித் தற்செயலாகத் தெரியவரும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை, ஹார்மோனும் சுரப்பதில்லை. 4 சென்டிமீட்டரைத் தாண்டினால் அறுவைசிகிச்சை குறித்து யோசிப்போம். ஆனால் உங்களுக்கு அவ்வப்போது தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வருமானால், அது அட்ரினலினைக் கொட்டும் ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் கட்டியாக இருக்கக்கூடும். அறிகுறிகள் இல்லாவிட்டாலும், கட்டி கொழுப்பு நிறைந்ததென்று ஸ்கேன் தெளிவாகக் காட்டாத நிலையில், இரத்தத்திலோ சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் சிதைந்து உண்டாகும் பொருள்) அளவைப் பார்த்து அதை விலக்க வேண்டும். அந்த முடிவு கைக்கு வரும்வரை கட்டியில் ஊசி செலுத்திச் சதை எடுக்க யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்; அந்தச் சிறு சீண்டலே இரத்த அழுத்தத்தை ஆபத்தான உயரத்துக்கு ஏற்றிவிடக்கூடும்.