போட்டியை நடத்தினால் தேசம் ஒன்றாகுமா? – கேள்வி பதில்

கேள்வி: உலகப் போட்டியை நடத்தும் நாட்டில் ஒற்றுமை வளருமா?

பதில்: போட்டி நடக்கும் நாட்களில் வளரும். பந்தலைப் பிரித்த பிறகு என்ன ஆனது என்று பாருங்கள். 1998இல் பிரான்ஸ் தன் மண்ணிலேயே கால்பந்துக் கோப்பையை வென்றது. அல்ஜீரியப் பெற்றோரின் மகனான ஸிதான் இறுதியாட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். கறுப்பர், வெள்ளையர், அரபியர் சேர்ந்த புதிய பிரான்ஸ் பிறந்துவிட்டதாகக் கொண்டாடினார்கள். 2001இல் அதே அரங்கில் அல்ஜீரியாவுடன் நட்பு ஆட்டம். பிரெஞ்சுத் தேசிய கீதம் ஒலித்தபோது அல்ஜீரிய வம்சாவளி ரசிகர்கள் பலர் கூச்சலிட்டார்கள். ரசிகர்கள் களத்தில் இறங்கியதால் ஆட்டம் முடியாமலே நின்றது. மறு ஆண்டு அதிபர் தேர்தலில், குடியேற்றத்தை எதிர்த்த லெ பென் இரண்டாம் சுற்றுக்கு வந்துவிட்டார்.

கேள்வி: 1995இல் தென்னாப்பிரிக்கா தானே நடத்தி வென்ற ரக்பி உலகக் கோப்பையின் இறுதியாட்டத்துக்கு, அதிபர் மண்டேலா தன் நாட்டு அணியின் பச்சைச் சட்டையை அணிந்து வந்தாரே, அதுவும் வெறும் பந்தல்தானா?

பதில்: இல்லை. ஆனால் கறுப்பின மக்களில் பலருக்கு அந்தச் சட்டை நிறவெறி ஆட்சியின் சின்னம். அதை அவர் அணிந்தது, ஆட்சி கைமாறியதில் அஞ்சிக் கிடந்த வெள்ளையருக்காக. அரங்கை நிறைத்திருந்த அவர்கள் ‘நெல்சன், நெல்சன்’ என்று முழங்கினார்கள். அணியில் வெள்ளையரல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரே. சியா கொலீசி என்ற கறுப்பின அணித்தலைவர் அதே கோப்பையை உயர்த்தியது 2019இல்.

கேள்வி: செலவு திரும்பக் கிடைக்குமா?

பதில்: பொருளாதாரம் என் துறையல்ல. 1976 ஒலிம்பிக்கின் கடனை அடைக்க மொன்ட்ரியலுக்கு 30 ஆண்டுகள் ஆயின.

கேள்வி: மண்டேலாவைச் சிறுமைப்படுத்துகிறீர்கள். அன்று கறுப்பின மக்களும் தெருவில் ஆடினார்களே?

பதில்: ஆடினார்கள். யார் மறுத்தது? ஒரு சட்டையால் நாடு ஒன்றானது என்பவர்கள்தான் அவரைச் சிறுமைப்படுத்துகிறார்கள். 27 ஆண்டுச் சிறை, பல ஆண்டுப் பேச்சுவார்த்தை, 1994 தேர்தல், அதற்கும் மறு ஆண்டுதான் ரக்பி. வரிசையைத் தலைகீழாக்காதீர்கள்.

கேள்வி: 1964 டோக்கியோ ஒலிம்பிக்?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. தீபத்தை ஏற்றிய யோஷினோரி சகாய், ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த அன்று அதே மாகாணத்தில் பிறந்தவர். அந்த ஓர் இளைஞரை முன்னிறுத்தி, ‘நாங்கள் அழிந்து எழுந்தவர்கள்’ என்றது ஜப்பான். அண்டை நாடுகள் மீது படையெடுத்த ஜப்பானுக்கு அந்த மேடையில் இடமில்லை. எதைக் காட்டினார்கள் என்பதோடு எதை மறைத்தார்கள் என்றும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் நாட்டில் போட்டி நடந்தால் ஒற்றுமை வருமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தொடக்க விழா பிரமாதமாக இருந்தால்?

பதில்: பந்தலைப் பிரித்த பிறகு வந்து கேளுங்கள்.