விமானி உரிமமும் பட்டப்படிப்பும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். விமான நிலையங்களைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். எங்கள் குடும்பம் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பெங்களூரு முருகேஷ்பாளையத்தில் தங்கிவிட்டது. என் மகள் இயற்பியல், கணிதம் எடுத்து, இங்கே பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான இரண்டாம் ஆண்டு பி.யூ.சி. எழுதி முடித்திருக்கிறாள். விமானி ஆக வேண்டும் என்கிறாள்.

எங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. நகரின் வடபுறத்தில் ஒரு கல்லூரியில் மூன்றாண்டு பி.எஸ்சி. ஏவியேஷன் இருக்கிறது. பறத்தல் பயிற்சிப் பள்ளி ஒன்றோடு டை-அப் இருப்பதாகவும், பட்டமும் உரிமமும் சேர்ந்தே கிடைக்கும் என்றும் சொல்கிறார்கள். இந்த மாதத்துக்குள் 2 லட்சம் கட்டி இடத்தை உறுதிசெய்யச் சொல்கிறார்கள். இரண்டாவது, அமெரிக்காவில் நான்காண்டுப் பல்கலைக்கழகப் படிப்பு. மூன்றாவது, கல்லூரியே வேண்டாம் என்று நேராகப் பயிற்சிப் பள்ளிக்குப் போவது. பட்டம் இல்லாவிட்டால் எந்த விமான நிறுவனமும் எடுக்காது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். ஓசூரில் ஒரு மனை இருக்கிறது, அதை விற்கவும் தயாராக இருக்கிறோம். எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது?

ச.,
முருகேஷ்பாளையம், பெங்களூரு

அன்புள்ள ச. அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உறவினர்களின் அச்சத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். இந்தியாவில் வணிக விமானி உரிமம், அதாவது எல்லோரும் சிபிஎல் என்று சொல்வது, பெறுவதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. இயற்பியலும் கணிதமும் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, 18 வயது, முதல் நிலை மருத்துவத் தகுதி, மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் எழுத்துத் தேர்வுகளில் 70 விழுக்காடு மதிப்பெண், வானொலித் தொடர்புக்கான ஆர்.டி.ஆர். சான்று, 200 மணி நேரப் பறத்தல் அனுபவம், அதன்பின் பறந்து காட்டும் தேர்வுகள் ஆகியவைதான் கேட்கப்படுகின்றன. இந்த உரிமத்தை வழங்குவது டிஜிசிஏ மட்டுமே. எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்த அதிகாரம் இல்லை. ஆகவே 'பட்டமும் உரிமமும் சேர்ந்தே கிடைக்கும்' என்று உங்களிடம் சொன்னவர்கள், தாங்கள் தரக்கூடிய ஒன்றையும் தங்களால் தர முடியாத ஒன்றையும் ஒரே மூச்சில் விற்கிறார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

நான் விமானி அல்லன். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்துகொண்டு, பயிற்சி மாணவர்களின் நடுங்கும் குரலை ஹெட்போனில் கேட்டுக் கேட்டு வயதானவன். அவர்களில் பலருடைய பெற்றோர் பிற்பாடு என்னிடம் பேசியிருக்கிறார்கள். பணம் வீணாகிப்போன குடும்பங்களில் பெரும்பாலானவை ஒரு வகையில் ஒத்திருந்தன: செலவை அவர்கள் தலைகீழ் வரிசையில் செய்திருந்தார்கள். விமானி ஆவதற்கான படிகள் இயல்பாகவே மலிவானதிலிருந்து விலை கூடியதை நோக்கி அமைந்தவை. மருத்துவப் பரிசோதனைக்குச் சில ஆயிரங்கள் ஆகும். எழுத்துத் தேர்வுகளுக்கும் அவற்றுக்கான கிரவுண்ட் வகுப்புகளுக்கும் ஒருசில லட்சங்கள். பறத்தலுக்கு இன்றைய நிலையில் உள்நாட்டில் 40 முதல் 60 லட்சம் வரை. அதன்பின் ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதிக்கு, அதாவது டைப் ரேட்டிங்குக்கு, மேலும் 10 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு படியிலும் ஒரு வாசல் இருக்கிறது, அது திறக்காவிட்டால் அதுவரை செலவழித்ததோடு நின்றுகொள்ளலாம். தொகுப்பாக விற்கப்படும் கல்லூரிப் படிப்பு செய்வது இந்த வரிசையைக் குலைப்பதுதான். வாசல் திறக்குமா என்று தெரிவதற்கு முன்பே அது பெரும்பணத்தை வாங்கிவிடுகிறது.

எனவே முதல் வேலை மருத்துவப் பரிசோதனை. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர்களிடம் இரண்டாம் நிலைச் சோதனையை முடித்து, அதன்பின் முதல் நிலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் நிலைச் சோதனை நடைபெறும் மையங்களில் ஒன்றான இந்திய விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அதே பழைய விமான நிலையச் சாலையில் இருக்கிறது. கண்ணாடி அணிந்திருப்பது பொதுவாகத் தடையல்ல. கண்ணாடியோடு பார்வை முழுமையாக இருந்தால் போதும். நிறக்குருடு அப்படியல்ல. தனக்கு அந்தக் குறை இருப்பதே பலருக்கு அன்றுவரை தெரிந்திருக்காது. கல்லூரியில் முதலாண்டுக் கட்டணம் கட்டியபின் அதைத் தெரிந்துகொள்வது எவ்வளவு கொடுமை என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, எழுத்துத் தேர்வுகள். நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஆகிய பாடங்களை விமானத்தில் ஏறுவதற்கு முன்பே எழுதி முடிப்பது இப்போது பரவலான வழக்கம். தில்லியின் துவாரகா பகுதியில் இதற்கென்றே வகுப்புகள் நிறைந்திருக்கின்றன. பெங்களூருவிலும் கிடைக்கின்றன, இணையவழியிலும் படிக்கலாம். இந்தத் தேர்வுகளைப் பறத்தலோடு சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் தேர்ச்சி பெறாத பாடத்துக்காகக் காத்திருக்கையில் பறத்தலும் இடையில் நின்றுபோகும். இடைவெளிக்கு விலை உண்டு. அந்த 200 மணி நேரத்துக்குள் தலைமை விமானியாக, அதாவது விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்று, பறக்க வேண்டிய 100 மணி நேரத்தில் 15 மணி நேரம், உரிமத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தாமதித்தவர்கள் ஏற்கெனவே பறந்ததையே மறுபடி காசு கொடுத்துப் பறக்க நேரும்.

இனிப் பயிற்சிப் பள்ளி. உங்கள் கேள்வியின் உண்மையான இடம் இதுதான். எந்தக் கல்லூரி என்று கேட்பதைவிட எந்த ஓடுபாதை, எத்தனை விமானங்கள், எத்தனை பயிற்றுநர்கள் என்று கேளுங்கள். கல்யாண மண்டபம் பிடித்தால் சமையலும் அவர்கள் சொல்லும் ஆளே என்பதுபோல, கல்லூரி காட்டும் பள்ளியை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் டை-அப் முறையில் வந்துவிடுகிறது. அந்தப் பள்ளியில் தேக்கம் ஏற்பட்டால் கல்லூரி பள்ளியைக் கைகாட்டும், பள்ளி டிஜிசிஏவைக் கைகாட்டும்.

பள்ளிக்கு நேரில் போங்கள், மகளையும் அழைத்துச் செல்லுங்கள். கொட்டகையில் நிற்கும் விமானங்களை எண்ணாதீர்கள், அன்று காலை பறந்தவற்றை எண்ணுங்கள். எஞ்சின் உதிரிபாகத்துக்காக மாதக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும் செஸ்னாவும் விளம்பரப் படத்தில் ஒரு விமானமாகவே இருக்கும். முந்தைய அணியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் 200 மணி நேரத்தை முடித்தார்கள், அதற்கு எத்தனை மாதம் ஆயிற்று என்று அலுவலகத்தில் கேளுங்கள். பிறகு அதே கேள்வியை வெளியே தேநீர்க் கடையில் நிற்கும் மாணவர்களிடம் கேளுங்கள். இரண்டு பதில்களுக்கும் இடையிலுள்ள தூரம் அந்தப் பள்ளியைப் பற்றி நிறையச் சொல்லும். இரட்டை எஞ்சின் விமானம் அவர்களுடையதா, அல்லது அந்தப் பயிற்சிக்கு மட்டும் வேறு ஊருக்கு அனுப்புவார்களா, எரிபொருள் விலை ஏறினால் கட்டணம் ஏறுமா, இடையில் விலகினால் பறக்காத மணிகளுக்குரிய பணம் திரும்புமா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். கட்டணத்தை ஒரே தவணையில் கேட்கும் பள்ளியை, அது எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், நான் தவிர்த்துவிடுவேன்.

வானிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். உத்தரப்பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் இயங்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி மத்திய அரசின் கீழ் உள்ள நிறுவனம். நுழைவுத் தேர்வு வைத்து மாணவர்களை எடுக்கிறது, விருப்பமுள்ளவர்களுக்குப் பட்டப்படிப்பும் உண்டு. உங்கள் மகள் அந்தத் தேர்வை எழுதிப் பார்ப்பது நல்லது. ஆனால் அங்கே டிசம்பர், ஜனவரியில் மூடுபனி பறத்தலைத் தடுக்கும். மகாராஷ்டிரத்தின் கோந்தியாவில் உள்ள பள்ளிக்கு மழைக்காலம் அதே வேலையைச் செய்யும். நம் ஊர் ஜக்கூரில் அரசுப் பறத்தல் பள்ளி இருப்பதால், மகள் வீட்டிலிருந்தே போய்வரலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். ஜக்கூர் பழம்பெருமை வாய்ந்த களம்தான். ஆனால் அதன் ஒரு பக்கம் ஏலகங்கா விமானப்படைத் தளம், வடக்கே கெம்பேகவுடா பன்னாட்டு நிலையம், சுற்றிலும் வளர்ந்துவிட்ட நகரம் என்று நெருக்கடியான வான்வெளியில் அது இருக்கிறது. பெரிய விமானங்களுக்கு வழிவிட்டுப் பயிற்சி விமானத்தைக் காத்திருக்கச் சொல்வது கட்டுப்பாட்டாளரின் அன்றாட வேலை. அந்தக் காத்திருப்பில் எஞ்சின் தரையில் ஓடிக்கொண்டிருக்கும், மாணவரின் பணமும் சேர்ந்து ஓடும். 2025 முதல் டிஜிசிஏ பயிற்சி நிறுவனங்களை ஆண்டுக்கு இருமுறை தரப்படுத்தி வெளியிடுகிறது. முதல் பட்டியலில் உயர்ந்த நிலையை ஒரு நிறுவனமும் எட்டவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே விமானிப் பட்டப்படிப்புக்கு ஒரு திட்டவட்டமான பயன் உண்டு, அது அந்நாட்டுச் சட்டத்திலிருந்து வருவது. 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபின், துணை விமானியும் 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற விதி 2013இல் நடைமுறைக்கு வந்தது. விபத்துக்குள்ளான விமானத்தின் இரு விமானிகளுமே அந்த அளவைத் தாண்டியவர்கள் என்பது அந்த விதியைப் பற்றி இன்றும் தொடரும் விவாதத்தின் ஒரு பகுதி. அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் விமானவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவருக்கு மட்டும் அந்த 1500 என்பது 1000 மணி நேரமாகக் குறைகிறது. அமெரிக்க மாணவர் நான்காண்டுப் படிப்புக்குக் கொட்டிக் கொடுப்பதில் ஒரு நியாயம் இந்தச் சலுகைதான். இந்தியாவுக்குத் திரும்பும் உங்கள் மகளுக்கு அதனால் ஒரு மணி நேரம்கூட மிச்சமாகாது, ஏனெனில் இங்கே 200 மணி நேரத்தோடு உரிமம் பெற்றவரையே விமான நிறுவனங்கள் துணை விமானியாகப் பயிற்சிக்கு எடுக்கின்றன. அமெரிக்க உரிமத்தோடு வந்தாலும் இங்கே டிஜிசிஏ தேர்வுகளை எழுதி, மருத்துவத் தகுதி பெற்று, உரிமத்தை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். அங்கேயே தங்கி வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் அது குடிவரவுச் சட்டத்தைச் சார்ந்த வேறு கணக்கு. மனையை அடகு வைத்து ஆடும் கணக்கு அல்ல.

அப்படியானால் பட்டமே வேண்டாமா என்றால், வேண்டும் என்பேன். ஆனால் அது விமானிப் பட்டமாக இருக்க வேண்டியதில்லை. விமானியின் உரிமம் அவருடைய உடலோடு கட்டப்பட்டது. ஒரு நரம்புக் கோளாறோ இதய நோயோ வந்தால் முப்பது வயதிலும் அது கையைவிட்டுப் போகலாம். அந்த நாளில் வேறு தொழிலுக்குக் கைகொடுக்கும் பட்டம்தான் பயன்படும், பி.எஸ்சி. ஏவியேஷன் பெரும்பாலும் விமான நிலைய நிர்வாகம், தரைப்பணி ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது. இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். படித்துக்கொண்டே உங்கள் மகள் பறக்கப் போகலாம். கூடவே ஒரு குழப்பத்தையும் தெளிவாக்கிவிடுகிறேன், நம்மவர்களிடம் இது நிறைய இருக்கிறது: ஏரோநாட்டிக்கல் எஞ்சினியரிங் விமானத்தை வடிவமைப்பவர்களுக்கானது, அதைப் படித்தவருக்கும் விமானி உரிமத்துக்கு மேற்சொன்ன அதே படிகள்தான்.

வேலைச் சந்தையைப் பற்றிக் கல்லூரிக்காரர்கள் சொல்லியிருக்கக்கூடியது உண்மைதான். ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கும், அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அவர்கள் சொல்லாமல் விட்டது, அந்த விமானங்கள் பல ஆண்டுகளில் பரவி வந்துசேரும் என்பதும், நிறுவனங்களுக்கு முதலில் பற்றாக்குறையாவது கேப்டன்கள் என்பதும். கேப்டனுக்குத் தேவைப்படும் ஏடிபிஎல் உரிமத்துக்கே 1500 மணி நேரம் வேண்டும். அதனால்தான் விமானிப் பற்றாக்குறை என்று செய்தி வரும் அதே வாரத்தில், புதிதாக உரிமம் பெற்ற பிள்ளைகள் வேலையின்றி வீட்டில் இருக்கிறார்கள். கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மேயிலும் பறப்பதை நிறுத்தியபோது, அனுபவமுள்ள விமானிகள் சந்தைக்கு வந்து புதியவர்களைப் பின்னுக்குத் தள்ளினார்கள். கல்விக் கடனில் வழக்கமாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரைதான் தவணைக்கு விலக்கு கிடைக்கும். உரிமத்துக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே இரண்டு ஆண்டுகள் வருமானமின்றிப் போனாலும் குடும்பம் தாங்குமா என்று கணக்குப் போட்டபிறகே மனையில் கைவையுங்கள்.

ஆகவே என் கருத்து மூன்றாவது வழி, தொலைநிலைப் பட்டத்தோடு. 2 லட்சத்தை இந்த மாதம் கட்டாதீர்கள். முதல் நிலை மருத்துவச் சான்று கைக்கு வரும்வரை எந்த இடத்துக்கும் பணம் கட்ட வேண்டாம். இடம் போய்விடும் என்று மிரட்டினால் போகட்டும். சான்று வந்தபின் சிறு விமானத்தில் ஒருமுறை அவளை ஏற்றிப் பாருங்கள், அதுவும் கோடை நண்பகலில், வெப்பக் காற்றில் விமானம் தூக்கிப்போடும் நேரத்தில்.

கடிதம் முழுவதும் 'நாங்கள்' என்றே எழுதியிருக்கிறீர்கள், மகள் இரண்டே வரிகளில்தான் வருகிறாள். அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும். எழுத்துத் தேர்வுகளில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் நேவிகேஷன் என்பேன், பி.யூ.சி. கணிதம் மறப்பதற்குள் அதை முடித்துவிடுவது நல்லது. டிஜிசிஏ தேர்வுகளுக்குப் பதிவு செய்யும்போது தரும் கம்ப்யூட்டர் நம்பருக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்; மதிப்பெண் சான்றிதழ்ச் சரிபார்ப்புக்கு நாளாகும்.

அன்புடன்.