பக்கத்துப் பெட்டியை அழுத்தினால் விடுப்பு ஏன் பதிவாகிறது?

கேள்வி: எங்கள் கல்லூரி போர்ட்டலுக்கு ஜாவாவில் விடுப்பு விண்ணப்ப போர்ட்லெட் (போர்ட்டல் பக்கத்தில் தனிப் பெட்டியாக வரும் சிறு செயலி) எழுதினேன். தனியாக வைத்தால் சரியாக ஓடுகிறது. அறிவிப்பு போர்ட்லெட்டோடு ஒரே பக்கத்தில் வைத்தால், அங்கே ‘அடுத்து’ அழுத்தும்போதெல்லாம் இங்கே விடுப்பு மறுபடி பதிவாகிறது. இங்கே தேர்ந்தெடுக்கும் தேதி அங்குள்ள தேதிப் பெட்டியில் போய் விழுகிறது. படிவ மதிப்புகளை ப்ராசஸ்ஆக்‌ஷனில் (படிவம் வந்ததும் ஓடும் பகுதி) வாங்கி, ரெண்டர் பாராமீட்டராக (வரையும் பகுதிக்குத் தரும் மதிப்பு) கடத்தி, டூவியூவில் (பெட்டியை வரையும் பகுதி) டேட்டாபேஸில் எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே போர்ட்லெட்டாக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். கோளாறு எங்கே என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்: டூவியூவில் எழுதுகிறீர்கள்.

போர்ட்டல் பக்கம் ஒண்டுக்குடித்தனம் மாதிரி. ஒரு வீட்டில் கதவைத் தட்டினால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். பயனர் ஒரு போர்ட்லெட்டில் படிவத்தை அனுப்பினால் அதன் ப்ராசஸ்ஆக்‌ஷன் மட்டும் ஒருமுறை ஓடும். பிறகு பக்கத்தைத் திரும்ப வரைய, கேஷில் (முன்பே வரைந்து சேமித்ததில்) இல்லாத எல்லா போர்ட்லெட்டுகளின் ரெண்டரும், அதாவது உங்களுடையதில் டூவியூவும், ஓடும். உங்கள் போர்ட்லெட்டுக்குக் கடைசியாகக் கொடுத்த ரெண்டர் பாராமீட்டர்களைப் போர்ட்டல் அப்படியே வைத்திருந்து ஒவ்வொரு முறையும் தரும். அறிவிப்பில் நாலு தடவை ‘அடுத்து’ அழுத்தினால் நாலு விடுப்பு. போர்ட்டல் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது.

டேட்டாபேஸில் எழுதும் வரிகளை ப்ராசஸ்ஆக்‌ஷனுக்கு நகர்த்துங்கள். அங்கிருந்து விண்ணப்ப எண்ணை மட்டும் ரெண்டருக்கு அனுப்புங்கள். டூவியூ அதைப் படித்துக் காட்டட்டும், அவ்வளவுதான். யாராவது பக்கத்தைப் புதுப்பிக்க எஃப்5 அழுத்துவார்கள், கட்டாயம் அழுத்துவார்கள். அப்போது அதே படிவம் மறுபடி போகலாம். படிவத்தில் மறைவாக ஒரு ஒருமுறை எண்ணை வைத்து, டேபிளில் அந்த எண்ணுக்கான நெடுவரிசைக்கு, ஒரே எண் இரண்டு முறை ஏறாதபடி, யுனிக் கட்டுப்பாடு போட்டுவிடுங்கள்.

தேதி இடம் மாறுவது வேறு கதை. இரண்டு போர்ட்லெட்டிலும் ‘டேட்’ என்றே ஐடி வைத்திருப்பீர்கள். ஐடியை வைத்துத் தேடினால் பிரவுசர் முதலில் கண்ணில் பட்டதைத்தான் எடுக்கும். ஐடி, ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன் பெயர் எல்லாவற்றுக்கும் முன்னால் போர்ட்லெட் நேம்ஸ்பேஸ் டேகை (ஒவ்வொரு போர்ட்லெட்டுக்கும் தனி முன்னொட்டு தருவது) சேருங்கள். சிஎஸ்எஸ்ஸில் ‘டேபிள்’ என்று மொட்டையாக எழுதினால் பக்கத்து வீட்டு அட்டவணையும் நிறம் மாறும். உங்கள் வெளி டிவ்வின் கிளாஸுக்குள்ளேயே எழுதுங்கள்.

எப்படிப் பிரிப்பது என்பதற்கு நான் பார்ப்பது திரையை அல்ல, அனுமதியை. விண்ணப்பிப்பவர் ஆசிரியர், ஒப்புதல் தருபவர் துறைத் தலைவர். எனவே இரண்டு போர்ட்லெட். மீதமுள்ள விடுப்பு நாட்களை முகப்புப் பக்கத்திலும் கேட்பார்கள், அதுவும் தனி. ஆனால் படிவத்தின் ஒவ்வொரு படிக்கும் ஒரு போர்ட்லெட் என்று போனால் நூல் சிக்கிக்கொள்ளும்.

பிரித்தவை பேசிக்கொள்ள செஷனை (ஒரு பயனருக்காக சர்வர் வைத்திருக்கும் தற்காலிக நினைவு) பொதுப் பலகையாக்காதீர்கள். போர்ட்லெட்டுகள் ஒரே வார் கோப்பில் (ஜாவா செயலியை நிறுவும் தொகுப்பு) இருக்கும்வரைதான் அது வேலை செய்யும். 2008இல் வந்த போர்ட்லெட் 2.0 தரத்திலேயே இதற்கு இரண்டு வழிகள் உண்டு. எந்தத் துறை தேர்வாகியிருக்கிறது என்பது போன்ற சின்ன மதிப்புக்கு, பல போர்ட்லெட்டுகள் பகிரும் பொது ரெண்டர் பாராமீட்டர் போதும். ‘விடுப்பு ஒப்புதலாயிற்று, மீதியைக் குறை’ என்பதற்கு ஈவென்ட், அதாவது ஒரு போர்ட்லெட் மற்றதற்கு அனுப்பும் செய்தி. அது ஆக்‌ஷன் முடிந்து ரெண்டர் தொடங்குமுன் போய்ச் சேரும்.

திருத்தியதும் போர்ட்டல் அனுமதித்தால் விடுப்பு போர்ட்லெட்டையே ஒரே பக்கத்தில் இரண்டு முறை வையுங்கள். ஒன்றில் விண்ணப்பித்துவிட்டு, மற்றதில் காலண்டரைத் திறந்து ஒரு தேதியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டேபிளில் எத்தனை வரி ஏறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.